மலையேறும்போது மட்டும் கொதிக்கும் வண்டி

சேவுகம்பட்டியில் பழைய கார் வாங்குகிறவருக்குச் சென்னைக்காரருக்குக் கிடைக்காத ஒரு வசதி உண்டு. அரை நாளுக்குள் மூன்று விதமான சாலைகளில் வண்டியை ஓட்டிப் பார்த்துவிடலாம். வத்தலக்குண்டு கடைவீதியில் சந்தை நாளன்று ஊர்ந்துபோகும் நெரிசல் ஒன்று. செம்பட்டி வழியாகத் திண்டுக்கல் போகும் சமதள நெடுஞ்சாலை இன்னொன்று. மூன்றாவது மலைப்பாதை: காட்ரோட்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறலாம், இல்லையென்றால் பட்டிவீரன்பட்டி, சித்தரேவு, பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடிக்கு ஏறலாம். எஞ்சின் சூடாவதற்கான காரணங்களில் முக்கால்வாசியை இந்த மூன்று சாலைகளே பிரித்துக் காட்டிவிடும்.

வண்டி ஹீட் ஆகிறது என்று போய் நின்றால் நல்ல மெக்கானிக் உடனே பானெட்டைத் தூக்க மாட்டார். "எங்கண்ணே ஹீட் ஆகுது? நிக்கையிலயா, ஓடையிலயா, மலை ஏறையிலயா?" என்று கேட்பார். எவ்வளவு சூடாகிறது என்பதைவிட எந்த நிலையில் சூடாகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் தண்ணீரை ஊற்றி அனுப்பிவிட்டால், என்ன கெட்டிருக்கிறது என்பதற்கான தடயமும் அந்தத் தண்ணீரோடு கரைந்துபோகும்.

முதலில் எவ்வளவு சூடு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு பேர் ஏறிய சின்னக் கார் 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வத்தலக்குண்டு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டர். இந்த எடையை 1,800 மீட்டர் மேலே தூக்க மட்டும் 21 மெகாஜூல் வேலை தேவை. பெட்ரோலில் உள்ள ஆற்றலில் சுமார் கால் பங்குதான் வேலையாக மாறும் என்பதால் 85 மெகாஜூல் அளவுக்கு, அதாவது இரண்டரை லிட்டருக்குச் சற்றே கூடுதலாக, பெட்ரோல் எரிய வேண்டும். இது உயரம் ஏறுவதற்கு மட்டும். டயர் உராய்வும் காற்றின் எதிர்ப்பும் தனி. எரிந்ததில் ஒரு பெரிய பங்கு சைலன்சர் வழியாகச் சூடான புகையாகப் போகும். 25 மெகாஜூல் அளவுக்கு எஞ்சினைச் சுற்றியோடும் தண்ணீரில் இறங்கும். கொதிநிலையில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 2.26 மெகாஜூல் போதும். ஆக ரேடியேட்டரே இல்லாமல், கொதித்து ஆவியாவதை மட்டும் நம்பி மலையேறினால் 11 லிட்டர் தண்ணீர் தீர்ந்திருக்கும். சின்னக் காருக்குள் இருப்பது மூன்று, நான்கு லிட்டர்.

கார் பிறந்த காலத்தில் இப்படித்தான் ஓட்டினார்கள். கார்ல் பென்ஸ் செய்த முதல் மோட்டார் வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதன் மூலமே எஞ்சின் ஆறியது. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப்போனார். உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணம் அது. வழி நெடுகத் தண்ணீர் தேடி ஊற்ற வேண்டியிருந்தது. பிறகு வில்ஹெல்ம் மேபாக் 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காருக்காக 8,070 சிறு குழாய்களை அடுக்கித் தேன்கூட்டு ரேடியேட்டர் ஒன்றைச் செய்தார். 1901-ல் அந்தக் கார் சாலைக்கு வந்தது. சூட்டைச் சுமக்கத் தண்ணீர், அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளக் காற்று என்ற ஏற்பாடு அதிலிருந்து இன்றுவரை அடிப்படையில் மாறவில்லை.

இன்றைய காரில் வாட்டர் பம்பு தண்ணீரை எஞ்சினுக்குள் தள்ளுகிறது. வெளியே போகும் வழியில் தெர்மோஸ்டாட் இருக்கிறது. அதற்குள் ஒரு சிறு கூட்டில் மெழுகு. எஞ்சின் 82-லிருந்து 88 டிகிரி வரைக்கும் ஏதோ ஒரு வெப்பநிலையை எட்டும்போது மெழுகு உருகி, பருத்து, ஒரு கம்பியைத் தள்ளி வழி திறக்கும். சூடான தண்ணீர் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போய், ஆறி, கீழ் ஹோஸ் வழியாகத் திரும்பும். ஓடும்போது எதிர்க்காற்று ஆற்றும், நிற்கும்போது ஃபேன்.

இனி மூன்று சாலைகளுக்கு வருவோம். வத்தலக்குண்டு நெரிசலில் டேஷ்போர்டின் வெப்பநிலை முள் ஏறுகிறது, ஊரைத் தாண்டி வேகம் எடுத்ததும் இறங்குகிறது என்றால் சந்தேகம் ஃபேன் மேல். வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு, ஏசி போடாமல் பொறுமையாகப் பாருங்கள். முள் பாதியைத் தாண்டுவதற்குள் ஃபேன் தானாக ஓடத் தொடங்க வேண்டும்; கொஞ்ச நேரத்தில் தானாக நிற்கவும் வேண்டும். ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, சென்சார், மோட்டார் என்று வரிசையாகப் பார்க்கலாம். இதில் பழைய கார்களுக்கே உரிய ஒரு வேலை உண்டு. ஏசி போடாமல், எஞ்சின் சில்லென்றிருக்கும் காலை நேரத்தில், சாவியைத் திருப்பியதுமே ஃபேன் சுற்றுகிறதா? "ஃபேனை டைரக்ட் போட்டுட்டாங்க" என்பார்கள். முந்தைய உரிமையாளர் ஏதோ ஒரு சூட்டுப் பிரச்சினையோடு மல்லுக்கட்டி, காரணத்தைக் கண்டுபிடிக்காமல் ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கலாம். சென்சார் கெட்டால் கம்ப்யூட்டரே பாதுகாப்புக்காக ஃபேனை ஓடவிடும் வண்டிகளும் உண்டு. எதுவானாலும் விலை பேசுமுன் விசாரிக்க வேண்டிய விஷயம்.

நெரிசலில் நன்றாக இருந்துவிட்டுத் திண்டுக்கல் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் முள் ஏறினால் கதை வேறு. அந்த வேகத்தில் காற்றுக்குப் பஞ்சமில்லை. ஃபேன் தேவையே இல்லை. உள்ளே தண்ணீர் போதுமான அளவு ஓடவில்லை என்பதே முதல் சந்தேகம். ரேடியேட்டர் குழாய்கள் அடைத்திருக்கலாம், பம்பின் இறக்கை அரித்துப்போயிருக்கலாம், தெர்மோஸ்டாட் அரைகுறையாகத் திறக்கலாம். கீழ் ஹோஸ் பழசாகித் தொளதொளத்திருந்தால் பம்பின் உறிஞ்சலில் சப்பிப்போய் வழியை மூடும். நிறுத்திப் பார்க்கும்போது பழையபடி உருண்டையாக இருக்கும். வெளிப்பக்கமும் பாருங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் ஏசி கண்டென்சர் நிற்கிறது. இரண்டுக்கும் இடையில் வைக்கோல் தூசும் பூச்சியும் மண்ணும் சேர்ந்து பாய்போலப் படிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. எஞ்சின் சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டு, இன்ஃப்ராரெட் வெப்பமானியை ரேடியேட்டரின் மேல் கட்டம் கட்டமாகக் காட்டிக்கொண்டு போனால், நடுவில் எங்காவது திடீரென்று குளிர்ந்த பட்டை தென்படுகிறதா என்று தெரியும். அந்தக் குழாய்களுக்குள் தண்ணீர் போவதில்லை.

மலை இந்த எல்லாவற்றையும் ஒன்றாகச் சோதிக்கும். இரண்டாவது கியரில் எஞ்சின் முழு மூச்சில் உழைக்கிறது. வேகமோ 30 கிலோமீட்டரைத் தாண்டாது. அதோடு மேலே போகப் போகக் காற்று லேசாகிறது. கொடைக்கானல் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு; ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அதே சூட்டை அள்ள முடியாது. காற்று குளிர்ச்சியாக இருப்பது கொஞ்சம் ஈடுகட்டும். இன்னொரு விளைவைப் பலர் யோசிப்பதில்லை: மேலே போனால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். கொடைக்கானலில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இந்த இடத்தில் ரேடியேட்டர் மூடியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காரில் இவ்வளவு மலிவாகவும் இவ்வளவு முக்கியமாகவும் இருக்கும் பாகம் வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. மூடியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தால் அடியில் ஒரு ஸ்பிரிங், அதன் நுனியில் ரப்பர் வளையம், நடுவில் ஒரு காசு அளவுக்குச் சின்ன வால்வு. மேலே 0.9 என்றோ 1.1 என்றோ எழுதியிருக்கும். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் அத்தனை பார் அழுத்தம் சேரும்வரை மூடி தண்ணீரை வெளியே விடாது. பிரஷர் குக்கரின் வெயிட் செய்யும் அதே வேலைதான். 0.9 மூடி சரியாக இருந்தால் சமவெளியில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. கொடைக்கானலில் 115 வரை தாங்கும். ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது. அப்போது மேலே 93 டிகிரியில் தண்ணீர் கொதிக்கும். பல கார்களில் ஃபேன் ஓடத் தொடங்கும் வெப்பநிலை அதற்கும் மேலே இருக்கிறது! ஃபேனுக்கு முறை வருமுன்பே எஞ்சின் கொதித்துவிடும். கீழே ஒரு குறையும் காட்டாத வண்டி டம்டம் பாறை தாண்டி, பெருமாள்மலை போய்ச் சேருவதற்குள் புகை கக்கி நிற்பதற்கு இந்தச் சில நூறு ரூபாய் மூடியே காரணமாக இருக்கலாம். ரேடியேட்டரை மாற்று, பம்பை மாற்று என்று ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகு கடைசியில் மூடியை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

நடுவிலிருக்கும் சின்ன வால்வுக்கும் வேலை உண்டு. எஞ்சின் ஆறும்போது உள்ளே தண்ணீர் சுருங்கி வெற்றிடம் உண்டாகும். அந்த வால்வு திறந்து, பக்கத்து டப்பாவிலிருந்து கூலன்டைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். அது ஒட்டிப்போனால் காலையில் மேல் ஹோஸ் சப்பிக் கிடக்கும். டப்பா நிறைந்திருக்க, ரேடியேட்டர் காலியாக இருக்கும். டப்பாவை மட்டும் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் ஏமாறுவது இப்படித்தான். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கக் கூடாது என்பதன் காரணமும் இந்த அழுத்தமே: உள்ளே 105 டிகிரியில் அமைதியாக இருக்கும் தண்ணீர், மூடி தளர்ந்த நொடியில் ஒரேயடியாகக் கொதித்து முகத்தில் பாயும். துணியைப் போட்டுத் திறந்தாலும் கை வெந்துவிடும்.

ஆகவே பழைய காரைப் பார்க்க விடியற்காலையில் போக வேண்டும். முந்தின நாளே சொல்லிவையுங்கள்: "அண்ணே, வண்டியை ஸ்டார்ட் பண்ணாம வச்சிருங்க." போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், சாதாரணக் காரணமும் இருக்கலாம். ஆனாலும் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புவதே நல்லது. சில்லென்ற எஞ்சின் சொல்லும் விவரத்தைச் சூடான எஞ்சின் சொல்லாது.

மூடியைத் திறந்ததும் முந்தைய உரிமையாளரின் பழக்கம் தெரியும். பச்சையாகவோ சிவப்பாகவோ தெளிவாக இருந்தால் கூலன்ட் ஊற்றிப் பராமரித்திருக்கிறார். (நிறம் வெறும் சாயம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நிறத்தைப் பார்த்து வகையை முடிவு செய்து இரண்டைக் கலக்க வேண்டாம்.) செங்காவி நிறத் தண்ணீர் என்றால் பல வருடமாகக் குழாய்த் தண்ணீர். நம் பகுதி போர் தண்ணீரைக் காய்ச்சிய பாத்திரத்தின் அடியைப் பார்த்தவர்களுக்கு ரேடியேட்டருக்குள் நடப்பதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடுபட்டதும் உடைந்து, சுண்ணாம்பாக வெள்ளைப் படலம் கட்டுகிறது. அது படிவது குழாயில் மட்டுமில்லை. எஞ்சினிலேயே அதிகச் சூடான இடங்களில், சிலிண்டரைச் சுற்றி, முதலில் படியும். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் இந்தப் படலம் வெப்பத்தைக் கடத்துவது நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான். உப்பு அதிகமுள்ள தண்ணீராக இருந்தால் அதிலுள்ள குளோரைடு அலுமினியத்தில் ஊசிக்குத்துபோல ஓட்டை போடும். தண்ணீர் கலந்து ஊற்றும் கூலன்டில் பாதி எத்திலீன் கிளைக்கால். அது கொதிநிலையைச் சமவெளியில் 107 டிகிரி அளவுக்கு உயர்த்துகிறது. கூடவே இருக்கும் துருத்தடுப்பு ரசாயனங்கள்தான் நம் ஊருக்கு அதைவிடப் பெரிய நன்மை. "இங்க என்ன பனியா கொட்டுது, கூலன்ட் எதுக்கு?" என்ற கேள்விக்குப் பதில் அதுதான். வெறும் தண்ணீர் சூட்டைக் கூடுதலாகச் சுமக்கும் என்பது உண்மையே. ஆனால் அது உலோகத்தைக் காப்பாற்றாது.

மூடியின் அடியிலும் கழுத்திலும் மஞ்சள் வண்டல் ஒட்டியிருந்தால் விரலில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டி அடைப்பது லாரி ஓட்டுநர்களின் பழைய கைவைத்தியம். நடுவழியில் அது ஊர் சேர்க்கும்; மறுப்பதற்கில்லை. ஆனால் ஓட்டையை அடைக்கும் தூளுக்கு ஓட்டைக்கும் குழாய்க்கும் வித்தியாசம் தெரியாது.

அடுத்து தெர்மோஸ்டாட். நம் பக்கத்துக் கார்களில் பாதிக்கு அது இருக்காதோ என்றுகூட எனக்குச் சந்தேகம் வருவதுண்டு. "நம்ம ஊரு வெயிலுக்கு இது தேவையில்ல" என்று கழற்றி எறிந்துவிடுவார்கள். கண்டுபிடிப்பது எளிது. சில்லென்ற எஞ்சினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸில் கைவைத்துக்கொண்டு நில்லுங்கள், ஃபேனிலிருந்து தள்ளி. தெர்மோஸ்டாட் இருந்தால் சில நிமிடங்கள் ஹோஸ் குளிர்ந்தே இருந்து, முள் நடுப்பக்கம் வரும்போது சட்டென்று சுடும். கழற்றியிருந்தால் தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுக்கும். அப்படிப்பட்ட எஞ்சின் தன் வெப்பநிலைக்கு வரவே நேரமெடுக்கும். கம்ப்யூட்டர் அதைக் குளிர்ந்த எஞ்சின் என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக விடும். எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றிவரும் குறுக்குவழியையும் சேர்த்து மூடும். அதைக் கழற்றினால் குறுக்குவழி திறந்தே கிடக்கும். மலையேற்றத்தில் ஒரு பகுதித் தண்ணீர் ஆறாமலே எஞ்சினுக்குத் திரும்பும். சூட்டுக்குப் பயந்து செய்த வேலையே சூட்டைக் கூட்டும். புதிதாக வாங்கிய தெர்மோஸ்டாட்டைக்கூடப் பொருத்துமுன் அடுப்பில் தண்ணீர் வைத்து, வெப்பமானியோடு அதில் போட்டுப் பாருங்கள். அது மெல்ல வாய் திறப்பதைக் கண்ணால் பார்க்கலாம். பிள்ளைகளுக்கும் கூப்பிட்டுக் காட்டலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் செலவோடு தீர்ந்துவிடுபவை. வாங்க வந்தவரைத் திரும்பிப்போகச் சொல்வது ஹெட் கேஸ்கட். பல எஞ்சின்களில் பிளாக் வார்ப்பிரும்பு, மேலே ஹெட் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் இரு மடங்கு விரியும். 400 மில்லிமீட்டர் நீளமுள்ள ஹெட் 100 டிகிரி சூடானால் 0.9 மில்லிமீட்டர் நீளும். கீழே பிளாக் அதில் பாதிதான். போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்க, நீள வழியில்லாமல் ஹெட் வளைகிறது. சின்ன எஞ்சின்களுக்கு அனுமதிக்கப்படும் வளைவு 0.05 மில்லிமீட்டர் அளவுதான். அதைத் தாண்டினால் நடுவிலுள்ள கேஸ்கட் வழியே எரிந்த வாயு தண்ணீருக்குள் புகும்.

வண்டி தண்ணீர் குடிக்கிறது, கீழே ஒரு சொட்டும் ஒழுகவில்லை என்றால் இதை நினையுங்கள். சில்லென்ற எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், அது சூட்டால் வந்த அழுத்தமாக இருக்க முடியாது. திறந்த ரேடியேட்டரில் குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டேயிருந்தால் அதுவும் அதே செய்தி. ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் பசை இருந்தால் ஒரு நிதானம் வேண்டும்: குளிரில் குறுகிய தூரமே ஓடும் கொடைக்கானல் வண்டிகளில் வெறும் ஈரம் படிந்தும் அப்படி ஆகும். டிப்ஸ்டிக்கில் ஆயிலே வெளுத்திருந்தால் சந்தேகம் உறுதி. முடிவாகத் தெரிய ஒரு நீலத் திரவம் இருக்கிறது. ரேடியேட்டரின் வாயில் வரும் காற்றை அதன் வழியே உறிஞ்சினால், கார்பன் டை ஆக்சைடு இருந்தால் மஞ்சளாகும். எஞ்சினைப் பிரிக்காமலே பதில் கிடைக்கும். விலை பேசும் நாளில் இதைச் செய்யச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மலையில் முள் ஏறத் தொடங்கினால் ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுதாகப் போடுங்கள். ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். வியர்த்தாலும் எஞ்சின் பிழைக்கும். அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி, ஆவி வரவில்லை என்றால் கொஞ்ச நேரம் ஐடிலில் ஓடவிடலாம். ஆவி வந்தால் உடனே அணைக்க வேண்டும். இன்னொன்றை மனதில் வையுங்கள்: உச்சிக்கு ஏறிய முள் திடீரென்று தானாகவே கீழே விழுந்தால் அது நல்ல செய்தி கிடையாது. தண்ணீர் முழுக்க வெளியேறி, சென்சார் வெறும் காற்றில் நிற்கிறது. முள் காட்டுவது உலோகத்தின் சூட்டை அன்று, சென்சாரைத் தொடுவதன் சூட்டை. "அப்பாடா, ஆறிடுச்சு" என்று அப்போது மேலும் ஏறினவர்களின் ஹெட்டுகள்தான் லேத் பட்டறைகளில் அடுக்கிக் கிடக்கின்றன. சூடான எஞ்சினில் உடனே பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் ஹெட்டை விரிசல் விடச் செய்யும். முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள்.

எல்லாம் பார்த்து வாங்கிய பிறகு முதல் வாரமே பழைய தண்ணீரை வடித்து, டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு மூன்று முறை கழுவி, கையேட்டில் சொன்ன வகைக் கூலன்டைப் பாதிக்குப் பாதி கலந்து நிரப்புங்கள். மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்று முழுக்க வெளியேறும்வரை சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். மூடி, தெர்மோஸ்டாட், இரண்டு ஹோஸ், கிளிப்புகள் ஆகியவற்றைக் கேள்வி கேட்காமல் புதிதாகப் போட்டுவிடலாம். வடித்த கூலன்டை வாய்க்காலிலோ வாசலிலோ கொட்டாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் ஆடும் நக்கிக் குடிக்கும். உடம்புக்குள் அது ஆக்ஸாலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தை அழிக்கும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. மூடியுள்ள கேனில் பிடித்து, என்னவென்று எழுதி ஒட்டி, பழைய ஆயிலை முறையாக ஒப்படைக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.